எந்த டேப் போகும்?

வேனில் ஐந்து பேர். அதில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. போன வாரம் லோர்னாவை அந்த இடத்தில்தான் தவிக்க விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் அவளுடைய வேன் லண்டனுக்குள் நுழைகிறது.

புதன்கிழமை காலை. பிப்ரவரி மழை. ஓட்டுவது ராய், லோர்னாவின் சித்தப்பா மகன். பேஸ் கிட்டார் அவனுடையது. பின் சீட்டில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதுகிற இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். நடுவில் நெவில். லோர்னாவின் தம்பி, இருபத்திரண்டு வயது, டிரம்ஸ். அவன் மடியில் டீத்துண்டில் கட்டிய ஒரு பொட்டலம். அம்மா எட்னா விடிவதற்குள் எழுந்து சுட்டுக் கொடுத்த ஓட்ஸ் தோசை. உள்ளே சீஸ், வறுத்த பேக்கன்.

"லண்டன்ல சோறு தண்ணியே கிடைக்காதுன்னு நெனச்சுட்டு இருக்கா அம்மா" என்றான் நெவில்.

"கிடைக்கும். பெரியம்மா சுட்டத வாயில வச்சுக்கிட்டு குறை சொல்றவனுக்குக் கிடைக்கக் கூடாது. எனக்கு ஒண்ணு எடு" என்றான் ராய்.

லோர்னா சிரிக்கவில்லை. கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷம். எங்கள் ஊர் பர்ஸ்லத்தின் தொழிலாளர் கிளப்பில் ஒரு பிங்கோ ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் பாடத் தொடங்கிய குழு அது. அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளைக் கடன் வாங்கிப் பாடினார்கள். பிறகு லோர்னா சொந்தமாக எழுதினாள். ஒரு இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. முதல் தட்டைச் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். இரண்டாவது தட்டைச் சொந்தக்காரர்களே வாங்கவில்லை.

மூன்றாவது தட்டு 'கடைசி பஸ் போயாச்சு.' எப்படியோ அது ஏறியது. போன வார விற்பனைப் பட்டியலில் முப்பத்து நான்காவது இடம். நாடே பார்க்கிற வியாழக்கிழமை டிவி நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. இன்று படப்பிடிப்பு, நாளை ஒளிபரப்பு. முதல் இருபதுக்குள் போனால் ஆல்பம். போகாவிட்டால் நடையைக் கட்டலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

லோர்னாவைக் குடைந்தது அது இல்லை.

அந்தத் தட்டில் டிரம்ஸ் வாசித்தது நெவில் இல்லை.

நவம்பரில் நெவில் வாசித்துப் பதிவு செய்துவிட்டு ரயிலேறி ஊருக்குப் போனான். அவன் போனதும் தயாரிப்பாளர் பியர்ஸ், பையன் தாளத்தைப் பின்னால் இழுக்கிறான், ரேடியோவுக்கு ஆகாது என்றான். மறுநாளே கூலிக்கு வாசிக்கும் லண்டன்காரர் ஒருவரை உட்காரவைத்து டிரம்ஸை மட்டும் மாற்றினான். லோர்னா தலையாட்டினாள். ராய் தரையைப் பார்த்தான். தம்பியிடம் இதோ சொல்கிறேன், அதோ சொல்கிறேன் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. சொன்னால் அவன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். சண்டை போட மாட்டான். எழுந்து போய்விடுவான்.

ஸ்டூடியோ வாசலில் பியர்ஸ் குடையோடு நின்றிருந்தான்.

"என்ன டக், எப்படி இருக்க?" என்று ராய் அவன் முதுகில் தட்டினான். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் டக்தான், வாத்து என்று செல்லமாக, பஸ் கண்டக்டரானாலும் மேயரானாலும். பியர்ஸுக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது.

இன்றைய வேலை சின்னதுதான் என்றான் பியர்ஸ். வாத்தியக்காரர் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. டிவியில் எல்லோரும் வாயைத்தான் அசைப்பார்கள், ஆனால் பின்னால் ஓடுகிற டேப் கடையில் விற்கிற பதிவாக இருக்கக் கூடாது. குழு மறுபடி உட்கார்ந்து, மூன்று மணி நேரத்துக்குள், சங்கத்து ஆள் பார்க்கப் புதிதாக வாசித்துத் தர வேண்டும்.

விதி அது. வழக்கம் வேறு. சங்கத்து ஆள் வருவார். கம்பெனி ஆள் அவரை முனையிலிருக்கும் பப்புக்குக் கூட்டிப்போவார். இவர்கள் சீட்டாடுவார்கள். அவர் திரும்பி வரும்போது மேஜை மேல் ஒரு டேப் டப்பா இருக்கும். உள்ளே இருப்பது பழைய பதிவுதான். அது அவருக்கும் தெரியும்.

பியர்ஸ் அந்தப் பழைய பதிவை ஒரு டப்பாவில் தயாராக வைத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோவுக்கு போன் வந்தது. எட்னா. தெருவில் பாதிப் பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டாளாம். கலர் டிவி வாடகைக்கு எடுத்தாயிற்றாம். சோபாவைச் சுவரோரம் தள்ளியதில் பக்கத்து வீட்டு ஹாரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். நெவில் அந்த நீல டை கட்டியிருக்கிறானா என்று கேட்டாள். கட்டியிருக்கிறான் என்று லோர்னா பொய் சொன்னாள்.

"அப்புறம் ஒண்ணு சொல்லணும்டி" என்றாள் எட்னா. "ரேடியோல கேக்குறப்பல்லாம் நெனைப்பேன். உன் தம்பி லண்டன் போனதும் நேரத்துக்கு வாசிக்க ஆரம்பிச்சுட்டான். பத்து வருஷமா மாடியில தட்டுறானே, ஒரு நாளாவது இப்படித் தட்டியிருக்கானா?"

லோர்னா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவள் திரும்பியபோது சங்கத்து ஆள் வந்திருந்தார். மிஸ்டர் ஹாப்வுட். கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றி மப்ளர்.

பியர்ஸ் புன்னகையோடு அவர் முழங்கையைப் பிடித்தான். மழைக்கு இதமாக ஒரு கிளாஸ் போட்டுவிட்டு வரலாமே என்றான்.

ஹாப்வுட் தலையை அசைத்தார். காலையில்தான் கடைவாய்ப்பல் பிடுங்கினார்களாம். குடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது, குளிரில் நடக்கக் கூடாது. பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாசிங்கப்பா. கேக்கறேன்" என்றார் பாதி வாயால். "இதுவரைக்கும் ஒரு தடவைகூட உக்காந்து கேட்டதில்ல."

பியர்ஸின் முகத்திலிருந்து புன்னகை இறங்கியது. ராய் லோர்னாவைப் பார்த்தான். சீட்டுக்கட்டு சாக்ஸ்காரரின் பைக்குள் திரும்பிப் போனது.

இனி உண்மையிலேயே வாசித்தாக வேண்டும். நெவில் தன் பாணியில் வாசிப்பான். தட்டு வேறு மாதிரி இருக்கிறதே என்று கண்ணாடிக்குப் பின்னால் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்குத் தெரிந்துவிடும். லோர்னா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நெவில் டிரம்ஸுக்கென்றே இருந்த தனிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தான். குச்சிகளைத் தட்டி எண்ணினான். ஆரம்பித்தார்கள்.

முதல் நான்கு அடியிலேயே லோர்னா கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

தட்டில் இருப்பது அப்படியே வந்தது. அதே கறார். அதே நறுக்கு. இரண்டாவது வரிக்கு முன் அந்த லண்டன்காரர் போட்ட சின்ன உருட்டல், அதுவும் அச்சு அசலாக. நெவில் வாழ்க்கையில் அப்படி உருட்டியதே இல்லை. அவனுடைய கை அப்படிப் போகாது. போக வைக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்.

பழகியிருக்கிறான் என்றால், தெரிந்திருக்கிறது.

லோர்னா பாட்டின் நடுவில் நிறுத்தினாள். தொண்டை சரியில்லை, தண்ணீர் வேண்டும் என்றாள். எல்லோரும் கருவிகளை இறக்கினார்கள். அவள் தண்ணீர் இருந்த பக்கம் போகவில்லை. கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நெவில் ஸ்டூலின் திருகைச் சரிசெய்வதுபோல் குனிந்திருந்தான்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"ரேடியோல முதல் தடவை வந்தப்பவே."

"அப்பவேயா?"

"என் கை எனக்குத் தெரியாதாக்கா? அடுப்படில நின்னுட்டு இருந்தோம். அம்மா துணிய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டு அழறா. அது என் மவன்னு பக்கத்து வீட்டுச் சுவத்தத் தட்டிச் சொல்றா. அந்த நேரத்துல அது நான் இல்லம்மான்னு எப்படிச் சொல்றது?"

நெவில் திருகை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

"அப்புறம் யோசிச்சேன். டிவி, கச்சேரின்னு வந்தா அந்த மாதிரி வாசிக்கணுமே. சோபாத் தலகாணியப் போட்டுத் தட்டிப் பழகினேன். அம்மா அதுல தூசி போகுதுன்னு சந்தோஷப்பட்டா." லேசாகச் சிரித்தான். "நல்லா வாசிக்கிறான் அந்த ஆளு. ரெண்டு விஷயம் கத்துக்கிட்டேன்."

"நெவ், நான் சொல்லணும்னுதான்…"

"மாத்துனது பத்தி எனக்குக் கோவம் இல்ல." அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "பாட்டு நல்லா வரணும், மாத்துனீங்க, சரி. மூணு மாசமா நீ என் மூஞ்சியப் பாத்து, ரேடியோல உன் டிரம்ஸ் வருதுடான்னு சொன்னியே. எத்தன தடவ சொன்ன? அதுதான்க்கா."

லோர்னாவுக்கு உட்கார இடமில்லை. பெரிய டிரம்மின் விளிம்பில் உட்கார்ந்தாள். அதன் மேல் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் நெவில் எழுப்பி விட்டிருப்பான்.

போறதா இருக்கியா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவனே சொன்னான், இன்றைக்குப் போக மாட்டானாம், டிவியில் வருகிறான் என்று அம்மா தெருவையே கூட்டியிருக்கிறாள். நாளைக்கு அப்புறம் தெரியவில்லை என்றான்.

"சரி. இப்ப அந்த ஆள் மாதிரி வாசிக்காத" என்றாள் லோர்னா.

"பியர்ஸ் கத்துவான்."

"கத்தட்டும். நீ வாசிக்கிற மாதிரி வாசி."

நெவில் வாசிக்கிற மாதிரி என்றால், சனிக்கிழமை நடன மண்டபத்தில் கற்ற மாதிரி. தரையில் பவுடர் தூவி வழுக்கி ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தே அவன் தாளம் பழகினான். ஆடுகிறவனின் குதிகால் தரையைத் தொடும். அதற்கு ஒரு மயிரிழை பின்னால் நெவிலின் அடி விழும். பியர்ஸ் அதைத்தான் இழுக்கிறான் என்பான்.

மறுபடி ஆரம்பித்தார்கள்.

இந்த முறை பாட்டு நடந்து வந்தது. அவசரப்படவில்லை. ராயின் பேஸ் தோளைத் தளர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் நடந்தது. லோர்னா வாயைத் திறந்தபோது, ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு சின்ன இடம் காலியாக இருந்தது. தட்டில் அவள் தாளத்தைத் துரத்திப் பாடியிருந்தாள். இப்போது வார்த்தையை வைத்துவிட்டு நிற்க முடிந்தது. கடைசி பஸ் போய்விட்டது, இனி அவசரம் என்ன என்கிற அந்த வரியை எழுதியவளே அன்றுதான் சரியாகப் பாடினாள்.

முடிந்ததும் ஹாப்வுட் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். ரொம்ப நல்லா இருக்கு என்றார். வலியில் கண் கலங்கியதா, வேறெதற்காவதா என்று சொல்ல முடியவில்லை. விதிப்படி எல்லாம் சரி என்று சொல்லி, டாக்சி பிடித்துப் போய்விட்டார்.

மேஜை மேல் இப்போது இரண்டு டப்பாக்கள். இடது பக்கம் இன்றைய டேப். வலது பக்கம் பியர்ஸ் கொண்டுவந்த பழைய பதிவு.

"வலதுபக்க டப்பா போகுது" என்றான் பியர்ஸ். "ஜனங்க கடையில வாங்குற பாட்டு எதுவோ அதுதான் டிவில கேக்கணும். தம்பி வருத்தப்படக் கூடாது. இது வியாபாரம்."

லோர்னா மறுத்தாள். பியர்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. முப்பத்து நான்காவது இடத்தில் இருக்கிற பாட்டு, டிவியில் வேறு மாதிரி கேட்டால் அங்கேயே நின்றுவிடும் என்றான். நின்றால் ஆல்பம் கிடையாது, ஐந்து பேரும் பழையபடி பிங்கோவுக்கு நடுவில் பாடலாம் என்றான்.

ராயிடம் கேட்டாள். "ரெண்டு டப்பாலயும் பேஸ் நான்தான். என் ஓட்டு செல்லாது டக்" என்றான் அவன். ஆனால் இடது டப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நெவில்தான் முடித்து வைத்தான். "பழசையே அனுப்புக்கா. நான் உக்காந்து கையாட்டுறேன். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஏழு வருஷத்த என் ஒருத்தனுக்காக ஆத்துல போடாத." சொல்லிவிட்டு டிரம்ஸைக் கழற்றப் போய்விட்டான். ராயும் மற்ற இருவரும் வேனில் சாமான் ஏற்றப் பின்னாலேயே போனார்கள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். டிவி நிலையத்துக்கு டேப் கொண்டுபோகும் ஆள், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்து நின்றான். பியர்ஸை யாரோ போனில் கூப்பிட்டார்கள். போகிறபோக்கில், வலது பக்கம், கொடுத்துவிடு என்று லோர்னாவிடம் விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

அறையில் லோர்னாவும் இரண்டு டப்பாக்களும் மழைக்கோட்டுக்காரனும் மட்டும்.

"எதும்மா?" என்றான் அவன்.

மாலை. டிவி நிலையம். நெவில் உயரமான மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சத்தம் வரக் கூடாது என்று டிரம்ஸ் மேல் ரப்பர் விரித்திருந்தார்கள். தாளத் தட்டுகளும் பிளாஸ்டிக். கீழே பளபள சட்டையில் இளவட்டங்கள், அவர்களை அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டு கேமராக்கள். ராய் புதுச் சட்டையின் காலரை விரலால் தளர்த்திக்கொண்டிருந்தான்.

நெவிலுக்குக் கவலையே இல்லை. பழைய பதிவுதான் வரும், கை தானாகப் போகும். தலகாணியில் அத்தனை நாள் தட்டியிருக்கிறான். முதலில் அந்தக் கறார் அடி, அப்புறம் சின்ன உருட்டல். தோளை விறைப்பாக்கி, அந்த லண்டன்காரரைப் போலவே உட்கார்ந்துகொண்டான்.

மேடை நிர்வாகி விரல்களை மடக்கி எண்ணினார். ஐந்து, நான்கு, மூன்று. கடைசி இரண்டை வாயால் சொல்லவில்லை, விரல் மட்டும் மடங்கியது.

நெவில் குச்சியை இறக்கினான். ரப்பர் மேல் அது மொத்தென்று விழுந்தது.

அடி வரவில்லை.

ஒரு மயிரிழை கழித்து வந்தது.

அரங்கம் முழுக்க, கூரையில் தொங்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும், அவன் கை. அவன் தவறாக முந்திக்கொண்டதைக் கேமரா பிடித்திருக்கும். நாளை அதை நாடே பார்க்கும். நெவில் அதை நினைக்கவே இல்லை. முன்னால் மைக்கைப் பிடித்து நின்ற அக்காவின் முதுகைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் தாளத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக மறு பக்கம் சாய்ந்தன.

அவன் விறைப்பை விட்டான். இரண்டாவது அடியிலிருந்து டேப்போடு சேர்ந்துகொண்டான். கீழே ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேலே கண்ணாடிக்குப் பின்னால் பியர்ஸ் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு இரு பக்கமும் கம்பெனியின் பெரிய தலைகள் இரண்டு பேர். அவர்கள் உட்கார்ந்தேதான் இருந்தார்கள். ஒருவர் மட்டும் முன்னால் சாய்ந்து லோர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. கைதட்டல். ராய் நெவிலை மேடையிலிருந்து தூக்கி இறக்கினான். "மூணு நிமிஷப் பாட்டுல முதல் அடியையே தப்பா அடிச்ச ஒரே ஆளு நீதான்டா. அதுவும் உன் பாட்டுக்கே" என்றான். நெவிலுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, பிறகு இரண்டும்.

லோர்னாவை பியர்ஸ் தாழ்வாரத்தில் பிடித்தான். திட்டுவான் என்று அவள் தயாராக நின்றாள். அவன் திட்டவில்லை.

"நீ செஞ்சது துரோகம். அத அப்புறம் பேசலாம்" என்றான். "மேல இருக்கறவங்க கேட்டாங்க. உன் குரல் இப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. ஆல்பம் போடலாம்ங்கறாங்க."

லோர்னா சுவரில் சாய்ந்தாள்.

"உனக்கு மட்டும்" என்றான் பியர்ஸ். "உன் பேர்ல. வாத்தியத்துக்கு லண்டன் ஆளுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும். அதுவரைக்கும் பசங்க காதுல போட வேண்டாம். தம்பி இப்பத்தான் சந்தோஷமா இருக்கான், கெடுக்காத."

அவள் பாடியது எதனால் அப்படி இருந்தது என்று அவனிடம் சொல்ல நினைத்தாள். அந்தக் காலி இடங்களை யார் விட்டுக்கொடுத்தது என்று. அதற்குள் அவன் மாடிப்படி ஏறிவிட்டான்.

தாழ்வாரத்தின் மறுமுனையில் நெவில் டிரம்ஸ் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். சட்டை நனைந்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. நேராக வந்து அக்காவின் தலையைத் தன் தோளில் ஒரு முறை அழுத்தி விட்டான். போகிறேன் என்கிற பேச்சு அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

"பியர்ஸ் என்ன சொன்னான்? செமத்தியா வாங்கினியா?"

"ஒண்ணும் இல்லடா" என்று சொல்ல லோர்னா வாயைத் திறந்தாள்.

அந்த வார்த்தை எத்தனை சுலபமாக நாக்குக்கு வந்துவிட்டது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். அவன் காத்திருந்தான். சிரிப்பு இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

அவள் டிரம்ஸ் பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

"உக்காரு நெவ்" என்றாள். "ராயையும் கூப்பிடு. சொல்றேன்."